வந்திறங்குகிறவருக்கு ஒரு முகம்

இந்த வயதிலும், பஸ்ஸிலோ ரயிலிலோ போய் எங்கே இறங்கினாலும், என் கண் முதலில் கூட்டத்துக்குள் ஓர் உயரமான மனிதரைத் தேடுகிறது. என்னைக் கூட்டிப்போக யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த ஊர்களிலும் அப்படித்தான். அது என் அத்தான், அக்காவின் புருஷன், எனக்குப் பழக்கிவிட்ட பழக்கம்.

திருகோணமலைப் பட்டினத்துக்கு, அக்கா வீட்டில் தங்கியிருக்க, நான் முதன்முதலில் தனியாகப் போனபோது எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊர் கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூருக்கு அப்பால். பட்டினம் போவதென்றால் மூதூரில் லோஞ்ச் என்ற எஞ்சின் படகில் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். அன்று கடல் குழம்பிக் கிடந்தது. வழி முழுக்கச் சத்தியெடுத்து, பின்னல் கலைந்து, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். படகு கட்டும் ஜெட்டியின் நுனியில் அத்தான் நின்றார். மழையும் இல்லை, வெயிலும் தாழ்ந்துவிட்டது. ஆனாலும் தலைக்குமேல் குடை விரித்திருந்தார்.

"ஏன் அத்தான் குடை?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"இவ்வளவு சனத்துக்குள்ள நான் எங்க நிக்கிறன் எண்டு உமக்குத் தூரத்திலயே தெரியோணுமல்லோ," என்றார்.

பெட்டியை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததும் நான் பட்ட பாடு அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "நல்லது, வயிறு வெறுமையாக் கிடக்கு. உம்மட அக்கா மீன் குழம்பு வைச்சிருக்கிறா," என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு வீட்டு நினைவு விட்டுப்போயிற்று.

அவர் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில், ஊரார் டொக்யாட் என்று சொல்லும் இடத்தில், சாமான் களஞ்சியத்துக் கிளாக்கராக இருந்தார். அது அவருடைய உத்தியோகம். மனதுக்குப் பிடித்த வேலை வேறு. பட்டினத்துக்கு வருகிறவர்களைப் போய்க் கூட்டி வருவதுதான் அது. சொந்தக்காரர், அயலவர், அயலவரின் சொந்தக்காரர், எவர் வருவதாகக் காதில் விழுந்தாலும் ரயில் நிலையத்திலோ ஜெட்டியிலோ அத்தான் நிற்பார். வண்டி பிந்தினால் அவருக்குக் கோபம் வராது. "வந்திறங்கிற ஆளுக்கு ஒரு முகம் வேணும். அது ஆரின்ர முகமெண்டாலும் பரவாயில்லை," என்பார்.

அக்காவுக்கும் அவருக்குமான கல்யாணமே ஜெட்டியில் தொடங்கிய கதைதான். எங்கள் அப்பாவுக்குக் கண் மங்கி, அக்கா அவரைப் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தாள். வந்து நிற்பதாகச் சொன்ன உறவுக்காரர் வரவில்லை. அத்தான் அன்று வேறு யாருக்காகவோ வந்து நின்றார். அந்த ஆளும் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பப் பிடிக்காமல், திகைத்து நின்ற இந்த இரண்டு பேரையும் ஆசுப்பத்திரிவரை கூட்டிப்போனார். அதன்பிறகு அப்பாவின் கண்ணை விசாரிக்க வந்தார், பிறகு அப்பாவையே விசாரிக்க வந்தார். "வேற ஆளுக்குப் பிடிச்ச குடைக்குள்ள நான் பூந்திட்டன்," என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் பட்டினம் பிதுங்கி வழிந்தது. உள்துறைமுகம் நிறையக் கப்பல்கள். ஓர்ஸ் ஹில் பக்கம் போனால் வெள்ளைக்காரத் தொப்பிகள். சீனக்குடாவில் விமானத்தளத்து வேலைக்கு எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அத்தனை பேரையும் எதிர்கொள்ள ஒரு மனிதரால் ஏலாது என்பது அத்தானுக்கு உண்மையிலேயே ஒரு மனக்குறை.

ஒருநாள் பின்னேரம் கைக்குழந்தையோடு ஒரு சிங்களப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளை முன்கூடத்தில் இருத்திவிட்டுக் குசினிக்கு வந்தவரிடம் அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் இது?"

"தெரியாது. ரயிலால இறங்கி அழுதுகொண்டு நிண்டவ. புருசன் சீனக்குடாவில வேலையாம். எந்த இடமெண்டு தெரியாதாம்."

"அழுகிற ஆக்களையெல்லாம் இஞ்ச கூட்டிவந்தா வீடு காணுமோ?"

"சிரிக்கிற ஆக்களுக்குக் கூட்டிப்போக ஆரும் இருப்பினம்தானே," என்றார் அத்தான்.

அக்கா அடுப்பில் இருந்த உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள். புருஷனைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். போகும்போது அவளும் அழுதாள், அக்காவும் அழுதாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இருக்கவில்லை.

ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டது சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில நாள் முன்னால். காலை நேரம். வீட்டு ஓடுகள் குலுங்கின. நானும் அக்காவும் மேசைக்குக் கீழே கிடந்தோம். அத்தான் டொக்யாட்டில் இருந்தார். துறைமுகப் பக்கம் எழும்பிய கறுப்புப் புகையைப் பார்த்து, அவர் இனி இல்லை என்றே நாங்கள் நினைத்துவிட்டோம். மத்தியானம் கரி பூசின மாதிரி நடந்து வந்தார். எதையும் சொல்லவில்லை. ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு வெளியேறிக்கொண்டிருந்தது. எங்களையும் அன்றைக்கே அக்கரைக்கு அனுப்பினார். வேலையை விட்டு அவர் வர முடியாது.

ஜெட்டியில் வைத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அனுப்பிறது எனக்குப் பழக்கமில்லை. கெதியா வாரும்," என்றார்.

சில மாதம் கழித்து நாங்கள் திரும்பியபோது குடையோடு நின்றார். நாங்கள் வருவதாக அவருக்குச் சேதி அனுப்பியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு அவர் சிரித்து மழுப்பினார். லோஞ்ச் ஓட்டிவந்த மூதூர்க் காக்காதான் உண்மையைச் சொன்னார். காக்கா என்பது அவர் பெயரல்ல. முஸ்லிம்களில் எங்களுக்கு மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் வந்து நிப்பாரு, புள்ள. நீங்க எறங்காட்டி, எறங்கின வேற ஆரையாச்சும் கூட்டிட்டுப் போவாரு."

அடுத்த வருஷம் அது நடந்தது. காலையில் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவிட்டு அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று கத்தியைக் கீழே வைத்தார். "தலைக்குள்ள ஆரோ கதவைப் போட்டு அடிக்கிறான்," என்றார். பிறகு சத்தியெடுத்தார். நான் ஓடிப்போவதற்குள் ஒருபக்கமாகச் சரிந்துவிட்டார். முகத்தில் பாதி சவர்க்கார நுரை அப்படியே இருந்தது.

ஆசுப்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். டொக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"மூளைக்குள்ள நரம்பொண்டு வெடிச்சு இரத்தம் கசிஞ்சிருக்கு. ஆள் பிழைச்சா அதுவே பெரிய காரியம்."

"பிழைச்சா, பழையபடி இருப்பாரோ?"

"அதை என்னால சொல்ல ஏலாது, அம்மா. இரத்தம் போன இடத்தில என்ன இருந்தது எண்டு ஆருக்கும் தெரியாது."

பிழைத்தார். கண் திறந்தார். வலது கால் இழுத்தது, வலது கையில் பலம் குறைந்தது. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது. வீட்டுக்கு வந்த அன்று அக்கா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். கண்டம் கழிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதலில் சொற்கள் இடம் மாறின. உட்காருகிற கதிரையை அலுமாரி என்றார். குடையைக் கேட்க நினைத்து, கையால் விரித்துக் காட்டி, "அதுதான், அந்த மழை," என்றார். சிரித்தோம், அவரும் சிரித்தார். மறுபடி வேலைக்குப் போனார். ஆணி கேட்டவர்களுக்குக் கயிறு கொடுத்தார். மேலதிகாரி நல்ல மனிதர். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓர் ஆளைத் துணைக்குச் சேர்த்து வீட்டோடு அனுப்பி வைத்தார். பிறகு கடைக்குப் போனவர் திரும்பி வரத் தெரியாமல் சந்தியில் நின்றார். தேத்தண்ணி குடித்த கோப்பை கையில் இருக்கவே தேத்தண்ணி கேட்டார். சில நாள் காரணமில்லாமல் கோபம் வரும். ஒருமுறை சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்தார். எறிந்துவிட்டு, நிலத்தில் கிடந்த சோற்றைப் பார்த்து, யார் இதைச் செய்தது என்று கேட்டு அழுதார்.

இரண்டு மாதம் நன்றாக இருப்பார் போலிருக்கும். பிறகு ஒரு படி இறங்குவார். இறங்கின படியை மறுபடி ஏறியதில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஆள் வீட்டிலதான் இருக்கிறார். ஆனா எனக்கு அவரோட கதைக்கோணும் போல ஆசையாக் கிடக்கு."

நான் கொடியின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் பொழுதுபட, அக்கா சோறு போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, மிக மரியாதையாக, "நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் மனைவியை 'நீர்' என்பார். அத்தான் அக்காவை அழைத்ததெல்லாம் 'நீர்', 'வாரும்', 'இரும்' என்றுதான். 'நீங்கள்' என்பது பெரியவர்களுக்கும் வெளியாருக்கும். அக்காவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது.

"என்னை ஆரெண்டு நினைச்சனீங்கள்?" என்றாள்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கோவிக்காதேங்கோ. பேர் உடன வருகுதில்லை. என்ர மனுசி அக்கரைக்குப் போயிட்டா. குண்டு விழுந்ததல்லோ, நான்தான் அனுப்பினனான். அவ வருமட்டும் நீங்கள் செய்யிறது பெரிய உதவி."

அக்கா குசினிக்குள் போனாள். அவர் என்னைப் பார்த்து, "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று கேட்டார். என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. மச்சாள் என்பதும் தெரியும். அக்கா ஒருத்திதான் அவர் கணக்கில் இன்னும் அக்கரையில் இருந்தாள்.

அன்றிலிருந்து பின்னேரம் ஆனதும் குடையை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் புறப்பட்டுவிடுவார். வீட்டுக்கு வழி மறந்த மனிதருக்கு ஜெட்டிக்கு வழி மறக்கவில்லை. கதவைப் பூட்டிப் பார்த்தோம். பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று, "லோஞ்ச் வாற நேரம், லோஞ்ச் வாற நேரம்," என்று சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கும். தலையில் மறுபடி இரத்தம் ஏறிவிடுமோ என்ற பயத்தில் திறந்துவிட்டோம். நானோ அக்காவோ கூடப் போவோம். அக்கா கூடப் போகும் நாட்களில் அவளையும் அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அவள் வருகிறாளா என்று கடலைப் பார்ப்பார்.

ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை நேவிக்காரர் முள்ளுக்கம்பி போட்டு மறித்திருந்தார்கள். ஒரு பின்னேரம் லோஞ்ச் சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டது. நான் ஒரு தெரிந்த மனுசியோடு இரண்டு சொல் கதைத்துத் திரும்புவதற்குள், அத்தான் கம்பிக்குள் குனிந்து அப்பால் போய்விட்டார். காவல் நின்ற வெள்ளைக்காரப் பொடியன் ஏதோ கத்தினான். துவக்கை நீட்டினான். அத்தான் நின்று திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு முகம் மலர, நேரே துவக்கை நோக்கி நடந்தார்.

"இப்பதான் இறங்கினனீங்களோ, தம்பி? கூட்டிப்போக ஆரும் வரேல்லையோ? வாங்கோ, வீட்ட போவம்."

அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கம்பி கிழித்துச் சேலை போனதுகூடத் தெரியாமல் நான் ஓடிப்போய் இருவருக்கும் இடையில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு எல்லாம் மறந்துபோய், என் தலையைத் தொட்டுத் தொட்டு, "சிக், சிக்," என்று மட்டும் சொன்னேன். அந்தப் பொடியனுக்கு என் வயதுதான் இருக்கும். அத்தானின் கை அவன் மணிக்கட்டில் இருக்க, துவக்கைக் கீழே இறக்கினான்.

அவனுடைய மேலதிகாரி அப்படி விடவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எங்களுக்குச் சொல்லச் சொன்னார். இது சண்டைக்காலம். மறுமுறை கம்பிக்குள் கண்டால், அதுவும் இருட்டுப்பட்ட பிறகு கண்டு, கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால், சுட்டுவிடுவார்கள்.

செய்தி கேட்டு அப்பா வந்தார். "மகள், ஆளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வா. இஞ்ச வைச்சிருந்தா உயிரோட விடமாட்டாங்கள்," என்றார். அக்கா சம்மதித்தாள். சாமான்களைக் கட்டினோம். ஜெட்டிக்குப் போகிறோம் என்றதும் அத்தான் சந்தோஷமாக வந்தார். லோஞ்சில் ஏறுகிற பலகையில் அக்கா கால் வைத்து, "வாங்கோ," என்று கையை நீட்டினாள். அவர் அசையவில்லை.

"நான் போனா ஆர் இஞ்ச நிக்கிறது?"

"அக்கரையில போய்ப் பாப்பம், வாங்கோ."

"நான் அங்க போக அவ இஞ்ச வந்திறங்கினா? அவ ஆரைப் பாப்பா?"

அப்பாவும் காக்காவும் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அவர் ஜெட்டித் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சனம் பார்த்து நிற்க, பிள்ளையைப் போல வாய்விட்டு அழுதார்.

"விடுங்கோ, அப்பா," என்று அக்கா பலகையிலிருந்து இறங்கி வந்தாள்.

அப்பா களைத்துப்போயிருந்தார். "அப்ப நீயாவது வா. உன்னை ஆரெண்டே தெரியாத ஆளைப் பாத்துக்கொண்டு எத்தினை காலத்துக்கு இருப்பாய்?"

"அவர் நிக்கிறது என்னைக் கூட்டிப்போகத்தானே, அப்பா. நான் எப்பிடி விட்டிட்டுப் போறது?"

அப்பா தனியே போனார். லோஞ்ச் போய் மறையும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, வெளிச்சம் வெளியே தெரியாமல் சன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டபின், என்னிடம் சொன்னாள்.

"நாளைக்குக் காலைமை லோஞ்சில நான் போறன். பின்னேரம் வாறன்."

"எங்க போறாய்?"

"மூதூர் மட்டும். இறங்கி, திரும்பி ஏறி வாறன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அவரை ஏமாத்தப் போறியோ, அக்கா?"

"என்ன ஏமாத்து?" என்றாள். "நான் வாறன்தானே."

அவர் எழும்புமுன் போய்விட்டாள். நான்தான் பகல் முழுக்க அவரோடு இருந்தேன். அன்று அவர் மனுசியைப் பற்றி ஒருதரமும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளை எங்க? கண்டே இல்லை," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குசினியை எட்டிப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். "நான் ஏதும் சொல்லிப்போட்டனோ? கோவிச்சுக்கொண்டு போயிட்டாவோ?" மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார்.

பின்னேரம் ஜெட்டிக்குப் போனோம். காக்காவின் லோஞ்ச் வந்து தட்டியது. கோழிக்கூடையோடு ஒரு கிழவி இறங்கினாள். தோப்பூர் வியாபாரிகள் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். அத்தான் குடையை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் கடைசியாக அக்கா பலகையில் வந்தாள். பயணங்களுக்கென்று வைத்திருந்த நீலச்சேலை. கையில் ஒரு தயிர்ச்சட்டி. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கொண்டு வருவாள், இன்று மூதூர்ச் சந்தையில் வாங்கியிருக்கிறாள். பாதிப் பலகையில் அவள் கால் நின்றுவிட்டது. காக்கா பின்னால் நின்று மெல்ல, "போங்க, புள்ள," என்றார்.

அத்தானின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. லோஞ்சுக்குள் இன்னும் யாரும் இருக்கிறார்களா என்று தேடியது. யாரும் இல்லை. மறுபடி அவளிடம் வந்தது. குடை சற்றுத் தாழ்ந்தது.

"வந்திட்டீரோ," என்றார்.

"ஓம். வந்திட்டன்."

"நல்லா மெலிஞ்சு போனீர். அங்க சாப்பாடு இல்லையோ?"

"இருந்தது. உங்களை நினைச்சுத்தான் மெலிஞ்சு போனன்."

பலமில்லாத வலது கையை நீட்டித் தயிர்ச்சட்டியை வாங்கினார். சட்டி ஆடியது. விழுந்துவிடும் என்று நான் நினைத்தேன். அக்கா தன் கையை அடியில் கொடுத்து, தாங்குவது தெரியாமல் தாங்கினாள். காக்கா எஞ்சினைப் பார்ப்பதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தேன். அவர்கள் முன்னால் ஒரே குடைக்குள் போனார்கள். அவர் ஓயாமல் கதைத்தார். நோய் வந்தபிறகு அவ்வளவு தொடர்பாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை. குண்டு விழுந்த நாளைப் பற்றி, புகையைப் பற்றி, எங்களுக்கு அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னார். கூட வேலை செய்த ஒருவரை எந்தப் பக்கத்தால் தூக்குவதென்று தெரியாமல் நின்றதைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுப் படலையடியில் வந்து அவர் நின்றார். ஏதோ சங்கடமான சங்கதி சொல்லப்போகிறவர் போல் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு சொல்லோணும். நீர் இல்லாத நேரம் வீட்டில ஒரு பிள்ளை என்னைப் பாத்தவ. சமைச்சு, தோய்ச்சு, குளிக்க வாத்து, எல்லாம் செய்தவ. நான் கோவிச்சாலும் ஒண்டும் சொல்லமாட்டா. பாவம், அவவுக்கும் ஆரும் இல்லைப் போல. நீர் வந்திட்டீர் எண்டு அவவை அனுப்பிப் போடாதேயும்."

அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அனுப்பமாட்டன்," என்றாள். "அவ எங்களோடயே இருக்கட்டும்."

அதன்பிறகு மனம் தாங்காத நாட்களில் அக்கா மறுபடியும் லோஞ்சில் போய் வந்தாள். காக்கா அவளுக்கென்று எஞ்சினுக்கு எட்டத்தில், புகை படாத இடத்தில் ஒரு மூலை வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அத்தான் அவளை அடையாளம் கண்டார். அது நித்திரை கொள்ளும்வரைதான் இருக்கும். என்றாலும், மனுசியைக் கூட்டி வந்த மனிதர் சில கிழமைகளுக்கு ஜெட்டியை நினைக்கவே மாட்டார். முள்ளுக்கம்பிப் பக்கம் அவர் பிறகு போனதில்லை. பின்னர் ஒருநாள், பலகையால் இறங்கி வந்த அக்காவுக்குக் குடையைப் பிடித்து, "நீங்கள் எந்த ஊருக்குப் போகோணும்?" என்று கேட்டார். அதோடு அக்கா போவதை நிறுத்திவிட்டாள். சண்டை முடிகிற வருஷம் மாரியில் மறுபடி தலைக்குள் இரத்தம் கசிந்தது. இரண்டாம் நாள் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் பட்டினத்தில் எங்களுக்குத் தெரியாத சனமெல்லாம் வந்தது. என்ன முறை என்று கேட்டதற்கு, ஒருகாலம் ரயிலடியிலிருந்து கூட்டி வந்தவர் என்றார்கள்.

அக்கா நெடுங்காலம் இருந்தாள். அவரைப் பற்றிக் கதைக்கும்போது அவருடைய நோயைப் பற்றி அதிகம் சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன். ஆனால் எனக்கு அவர் ஞாபகம் வந்தால், முதன்முதலில் அக்கா லோஞ்சில் வந்திறங்கிய அந்த நாளுக்கு மறுநாள் காலைதான் முதலில் வரும்.

நான் கூடம் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பழைய வீட்டுச்சேலையில் தேத்தண்ணியோடு உள்ளே போனாள். அவர் கட்டிலில் எழுந்து இருந்தார். அவளைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"வந்திட்டீங்களோ? நேற்று முழுக்கத் தேடினனான்," என்றார். "நல்ல காரியம். என்ர மனுசி அக்கரையால வந்திட்டா."

அக்கா கோப்பையை மேசையில் வைத்தாள். "அப்பிடியோ," என்றாள்.

"உங்களைப்பற்றிச் சொன்னனான். இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"அவ நல்லவவோ?"

அவர் யோசித்தார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை முகத்தில் தெரிந்தது.

"நல்லவ. அவ வீட்டில நிண்டா எனக்கு ஒரு பயமும் இல்லை," என்றார்.

அக்கா தலை குனிந்து நின்றாள். அவர் கட்டிலிலிருந்து இறங்கினார். வலது காலை இழுத்து இழுத்து நடந்து, சுவரோரம் கிடந்த கதிரையை இரண்டு கையாலும் பிடித்து, அவளுக்கு அருகில் கொண்டுவந்து போட்டார்.

"இருங்கோ," என்றார். "இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு நிண்டுகொண்டே இருக்கிறீங்கள்."

அக்கா இருந்தாள்.